இரண்டு பேர் பார்த்தால்தான் பறவை

கண்ணாடிக்கடைக்காரர் அலைதடுப்புச் சுவரின் முனைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால். டேலியக்கா முன்பே வந்துவிட்டிருந்தார். பழைய சிக்னல் அறையின் கண்ணாடி இல்லாத ஜன்னலருகே தொலைநோக்கியை ஸ்டாண்டில் பூட்டி, நோட்டைத் திறந்து, பென்சிலைச் சீவி வைத்திருந்தார்.

“அஞ்சரைன்னு சொன்னதா ஞாபகம்.”

“ஆமாங்க. பஸ் கொஞ்சம்…”

“பறவைங்க எல்லாம் பஸ்ஸுலயா வருது?”

கண்ணாடிக்கடைக்காரர் பையிலிருந்து பைனாகுலரை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். “அப்பா, இன்னைக்கு ஒரு நாள். எதிர்த்துப் பேசாதீங்க. எதையும் விளக்காதீங்க. அவங்க வாயிலேர்ந்து சரின்னு ஒரு வார்த்தை வந்தா போதும்.”

மகளும் டேலியக்காவின் மகனும் ஒரே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். இரண்டு வருடமாக ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். கண்ணாடிக்கடைக்காரருக்குச் சம்மதம். டேலியக்காவைக் கேட்டால் ‘பாக்கலாம்’ என்கிறார். நான்கு மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முடியாது என்றால் சண்டையாவது போடலாம். பாக்கலாம் என்கிறவரை என்ன செய்ய முடியும்?

டேலியக்கா துறைமுகத்தில் முப்பத்து மூன்று வருடம் டேலி எழுதியவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டை, பெட்டி, குழாய் எதுவானாலும் எண்ணி நோட்டில் கோடு போடுகிற வேலை. நாலு கோடு நின்ற வாக்கில், ஐந்தாவது குறுக்கே. பறவைகளுக்கும் அதே கோடுதான். வருடத்தில் ஆறு வாரம் கடல்பறவைகள் வடக்கிலிருந்து தெற்கே போகும். கரையோரம் மூன்று இடங்களில் ஆள் நின்று எண்ணுவார்கள். தெற்கு முனை பதினேழு வருடமாக டேலியக்காவுடையது.

அவருடன் எப்போதும் நிற்பவர் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. கார்டு அண்ணனுக்குப் போன வாரம் கண்புரை ஆப்பரேஷன். காற்றும் தூசியும் ஒரு மாதத்துக்கு ஆகாது. அவரை ஆப்பரேஷனுக்கு அனுப்பியதே கண்ணாடிக்கடைக்காரர்தான். கண்ணாடி மாற்ற வந்தவரிடம், மாற்றிப் பிரயோசனமில்லை, இது புரை என்று சொல்லிவிட்டார். யாருடைய ஆள், எந்த சீசன் என்பதெல்லாம் அவருக்கு அப்போது தெரியாது.

தெரிந்தவுடன் மகள் டேலியக்காவிடம் ஓடிப்போய் ஒன்று சொல்லி வைத்தாள். “எங்கப்பாவும் பறவை பாப்பாருங்க.”

அது பொய். அவர் பார்த்த பறவைகள் காகம், புறா. அப்புறம் காலண்டரில் ஒரு மயில்.

“என் ஆளைப் படுக்க வெச்சது நீங்க. நீங்களே வந்து நில்லுங்க,” என்று டேலியக்கா போனில் சொன்னார். வந்து நின்றார்.

“பைனாகுலர் புதுசா?”

“ரொம்ப நாளா வெச்சிருக்கேங்க.” கடை ஷோகேஸில் ஒன்பது வருடமாக விற்காமல் கிடந்தது. அந்த விதத்தில் உண்மை.

“விலைச்சீட்டு தொங்குது.”

அவர் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இங்க ஒரே சட்டம்தான். ரெண்டு பேர் பாத்தாதான் பறவை. ஒருத்தர் பாத்தா அது ஆசை. நான் பேரையும் எண்ணிக்கையையும் சொல்வேன். நீங்க பாத்தா பாத்தேன்னு சொல்லுங்க. பாக்கலைன்னா பாக்கலைன்னு சொல்லுங்க. இதுல வெக்கமே கூடாது. கார்டு அண்ணன் பத்துக்கு மூணு பாக்கலைம்பார்.”

“சரிங்க.”

மூன்று நாள் சாயங்காலம் மகள் போனில் படம் காட்டிப் பாடம் எடுத்திருந்தாள். வெள்ளையாகக் கூராக இருந்தால் ஆலா. பெருத்திருந்தால் கடற்காகம். தண்ணீரை உரசிக்கொண்டு போனால் ஷியர்வாட்டர். அவர் உருப்போட்டார். அவருடைய கடைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். சுவரிலுள்ள எழுத்து அட்டையின் கடைசி வரியை வரிசையில் காத்திருக்கும்போதே காதால் கேட்டு உருப்போட்டுவிடுவார்கள், டிரைவிங் லைசென்ஸுக்காக. அவருக்குக் கண்டுபிடிக்க இரண்டு நொடி போதும். நிஜமாகத் தெரிகிறவர் தயங்கித் தயங்கிப் படிப்பார். தெரியாதவர்தான் மளமளவென்று ஒப்பிப்பார்.

வெளிச்சம் வந்தது.

“ஆலா. நாலு. இடதுலேர்ந்து.”

அவர் பைனாகுலரைத் தூக்கினார். வெள்ளையாக இரண்டு போயின. மிச்சம் இரண்டு எங்கே என்று தேடுவதற்குள் அந்த இரண்டும் போய்விட்டன.

“பாத்தேன்.”

நாலு கோடு விழுந்தது.

“கடற்காகம். எட்டு.”

அவருக்கு நாலுதான் கிடைத்தது. பழக்கமில்லாத கண்ணுக்குப் பாதி கிடைத்ததே பெரிய விஷயம் என்று தேற்றிக்கொண்டார்.

“பாத்தேன்.”

“ஷியர்வாட்டர். ரெண்டு. தண்ணியை ஒட்டி.”

கடல் இருந்தது. அதன் மேல் வானம் இருந்தது. நடுவில் எதுவும் இல்லை.

“பாத்தேன்!”

டேலியக்கா தொலைநோக்கியிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். “கார்டு அண்ணனுக்கே இது மூணு வருஷம் பிடிச்சுது. நல்ல கண்ணு உங்களுக்கு.”

“தொழில்ங்க.”

எட்டு மணிக்குள் நோட்டில் ஒன்றரைப் பக்கம் நிறைந்துவிட்டது. கண்ணாடிக்கடைக்காரர் தன் பங்குக்கு மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தார். முப்பத்தொரு முறை பாத்தேன் சொல்லியிருந்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது ஒரு முறைகூட இல்லை. ஏழு முறை எதுவுமே இல்லை.

டேலியக்கா பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றினார். முதல் கப் நிரம்பி வழிந்து ஜன்னல் விளிம்பில் ஓடியது. அவர் கவனிக்காததுபோல் துடைத்தார்.

“உங்க பொண்ணு காலையில சீக்கிரம் எழுந்திருப்பாளா?”

“எழுந்திருப்பா.”

“எத்தனை மணிக்கு?”

“…முழிப்பு வந்ததும்.”

“பாத்தேன்னு சொல்ற வேகம் இதுல காணோமே.”

அவர் டீயைக் குடித்தார். அப்போது போன் அடித்தது. நடு முனையில் நிற்கும் மீசை. அவர் எப்போதும் கத்தித்தான் பேசுவார். ஸ்பீக்கர் தேவைப்படவில்லை.

“டேலியக்கா! வெள்ளைமுகம்! ஒண்ணு தெற்கே வருது! இங்க ரெண்டு பேரும் பாத்தாச்சு! ஒரு மணி நேரத்துல உங்க பக்கம்!”

டேலியக்கா பிளாஸ்க் மூடியை டீ கப்பின் மேல் வைத்துத் திருகினார். திருகிக்கொண்டே இருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் மெதுவாக வாங்கி உரிய இடத்தில் மூடினார்.

“பெட்ரல்னு ஒரு கடல்பறவை, அதுல ஒரு வகை,” என்றார் டேலியக்கா. “முகம் வெள்ளை. உள்ளங்கையில அடங்கிடும். அவ்வளவு பெரிய கடல்ல காலைத் தண்ணி மேல ஊணி ஊணி, பந்து துள்ளுற மாதிரி துள்ளிக்கிட்டே போகும். இந்த முனையோட பட்டியல்ல அது ஒண்ணுதான் இல்ல.”

“வந்ததே இல்லீங்களா?”

“மூணு தடவை வந்துச்சு. மொத தடவை நான் மட்டும் பாத்தேன். ரெண்டாவது தடவை கார்டு அண்ணன் மட்டும் பாத்தார். மூணாவது தடவை ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டிருந்தோம்.”

“எதுக்கு?”

“ரெண்டாவது தடவையைப் பத்தித்தான்.”

கண்ணாடிக்கடைக்காரருக்கு வழி தெளிவாகிவிட்டது. இந்த அம்மா வெள்ளைமுகம் என்று சொல்லும். அவர் பாத்தேன் என்பார். பதினேழு வருட ஆசை நோட்டில் ஏறும். அந்தச் சூட்டோடு சூடாகக் கல்யாணப் பேச்சை எடுத்துவிடலாம். பறவை வந்தால் சரி. வராவிட்டாலும் சரி. அவருக்கு வேண்டியது டேலியக்கா அது வந்ததாகச் சொல்வது மட்டும்தான்.

வெயில் ஏறியது. டேலியக்கா உள்ளங்கையை நெற்றியில் வைத்துக்கொண்டார்.

“இன்னைக்குக் கடல்ல ஒரே மூட்டம்.”

மூட்டம் எதுவும் இல்லை. அடிவானம் ரூல் போட்டதுபோல் இருந்தது. தூரத்துக் கப்பலில் யாரோ துண்டு உலர்த்தியிருப்பதுகூடக் கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அவர் பறவையை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தார். டேலியக்கா தொலைநோக்கிக்கு இடது கண்ணைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் வலது. மறுபடி இடது. வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நோட்டில் எழுத அறையின் நிழலுக்குள் போனார்.

“அந்தக் கப்பல் எவ்வளவு தூரம் இருக்குங்க?”

“எது? அந்த ரெண்டுமா?”

ஒரு கப்பல்தான் இருந்தது.

“இந்தப் பக்கம் சிவப்பா ஒரு மிதவை…”

“ஆமா, அதுவும் இப்ப ரெண்டாயிடுச்சு. போன வருஷம்வரை ஒண்ணுதான் இருந்துச்சு. புதுசா பக்கத்துலயே இன்னொண்ணு போட்டிருக்காங்க. எதுக்குன்னுதான் தெரியல. துறைமுகத்துல கேட்டா அப்படி எதுவும் போடலைங்கறான். இப்ப இருக்கிற பசங்களுக்கு எண்ணவே தெரியல.”

கண்ணாடிக்கடைக்காரர் மனதிலிருந்த கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். நாலு ஆலா. எட்டு கடற்காகம். அவருக்குப் பாதி தப்பவில்லை. இருந்ததே பாதிதான். ஒரு கண்ணை மூடினாலும் ஒன்று இரண்டாகத் தெரிந்தால் அது என்ன என்று அவருக்குப் புத்தகம் பார்க்காமலே தெரியும். கடைக்கு இந்த நிலையில் ஒருவர் வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். இங்கே காலையிலிருந்து இரண்டரை மணி நேரமாகப் பாத்தேன், பாத்தேன் என்று முத்திரை குத்திக்கொண்டிருக்கிறார்.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றார் டேலியக்கா. குரல் தணிந்திருந்தது. “உங்களை எதுக்கு வரச் சொன்னேன்னு நெனச்சீங்க? கார்டு அண்ணனுக்குப் பதிலுக்கு ஆளா கிடைக்காது?”

“எதுக்குங்க?”

“ரெண்டு மூணு மாசமா எனக்கே ஒரு பயம். கண்ணு சேட்டை பண்ணுதோன்னு. டாக்டர்கிட்ட போனா உடனே கத்தி வைக்கணும்பாங்க. சீசன் போயிடும். சரி, கண்ணாடிக்கடைக்காரரையே பக்கத்துல நிறுத்தி எண்ணிப் பாத்துடலாம், நம்ம எண்ணிக்கை தப்புன்னா அவர் சொல்லிடுவார்னு நெனச்சேன். நீங்க ஒண்ணுக்குக்கூட இல்லைன்னு சொல்லல.” அவர் சிரித்தார். நான்கு மாதத்தில் கண்ணாடிக்கடைக்காரர் அந்தச் சிரிப்பைப் பார்த்தது இதுதான் முதல் முறை. “இப்பதான் நிம்மதியா இருக்கு.”

கண்ணாடிக்கடைக்காரர் வாயைத் திறந்தார். மகளின் முகம் வந்து நின்றது. வாயை மூடினார். மறுபடி திறப்பதற்குள் டேலியக்கா கத்தினார்.

“வெள்ளைமுகம்!”

டேலியக்கா ஸ்டாண்டோடு சேர்ந்து துள்ளினார். “ரெண்டு! ரெண்டு சார்! மிதவைக்கு இந்தப் பக்கம், அலை மடிப்புல! ஒண்ணுன்னு சொன்னான் அந்த மீசை, அவனுக்கு எண்ணத் தெரியாதுன்னு நான் சொல்லல? ரெண்டு!”

அவர் பைனாகுலரைத் தூக்கினார். மிதவை. அலை. நுரை. நுரைக்கு அப்பால் ஒரு சாம்பல் துணுக்கு. அது நீளக் கால்களைத் தண்ணீரில் உதைத்து எழும்பியது. விழுந்தது. மறுபடி உதைத்து எழும்பியது. முகம் வெள்ளை. கண்ணருகே கறுப்புப் பட்டை. இவ்வளவு பெரிய கடலில் யாரோ விளையாட விட்டதுபோல் துள்ளிக்கொண்டு போனது.

அவர் தன்னை மறந்து பார்த்தார்.

“பாத்தீங்களா? சார்! பாத்தீங்களா?”

“பா… பாத்தேங்க. சாம்பல். கால் நீளம். கண்ணுகிட்ட கறுப்பா… ஆமா. அதுதான். பாத்தேன்.”

“ரெண்டு!”

அவர் பைனாகுலரை இறக்கவில்லை.

“ஒண்ணு,” என்றார்.

“என்னது?”

“ஒண்ணுதாங்க.”

“நல்லாப் பாருங்க. ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணு. ஒண்ணு துள்ளினா கூடவே அதுவும் துள்ளுது!”

“அதனாலதாங்க சொல்றேன். ஒண்ணு.”

பறவை துள்ளித் துள்ளிச் சிறிதாகி, நுரையோடு நுரையாகிக் காணாமல் போனது. டேலியக்கா தொலைநோக்கியை விட்டு நிமிர்ந்தார். சிரிப்பு முழுவதும் போய்விட்டிருந்தது.

“அப்ப காலையில நாலு ஆலா?”

“ரெண்டு.”

“எட்டு கடற்காகம்?”

“நாலு.”

“ஷியர்வாட்டர் ரெண்டு? அதுவும் ஒண்ணா?”

“அதை நான் பாக்கவே இல்லீங்க.”

“அப்ப எதுக்கு அந்த வேகத்துல பாத்தேன்னீங்க?”

“பொண்ணைப் பெத்தவன்ங்க.”

“பொண்ணைப் பெத்தா பொய் சொல்லணும்னு எழுதியிருக்கா? நானும்தான் பையனைப் பெத்தவ. முப்பத்து மூணு வருஷத்துல ஒரு மூட்டை கூட்டி எழுதினதில்ல, ஒண்ணு குறைச்சு எழுதினதில்ல!”

“நீங்க கூட்டல. உங்க கண்ணு கூட்டுது.”

சொன்ன பிறகுதான் அது காதில் விழுந்தது. எதிர்த்துப் பேசியாகிவிட்டது. இனி விளக்க வேண்டியதுதான் பாக்கி. அவர் ஆட்காட்டி விரலைத் தூக்கி டேலியக்காவின் முகத்துக்கு நேரே காட்டினார்.

“எத்தனை?”

“மரியாதையாக் கையை இறக்குங்க.”

“இடது கண்ணை மூடிட்டுச் சொல்லுங்க. எத்தனை?”

டேலியக்கா அவரை முறைத்தார். முறைத்தபடியே இடது கண்ணை மூடினார். விரலை மேலும் கீழுமாக அளந்தார்.

“ஒண்ணரை,” என்றார்.

“இப்ப வலதை மூடுங்க.”

“…ரெண்டு. ஒண்ணு கொஞ்சம் மங்கல்.”

“கார்டு அண்ணனும் இதேதான் சொன்னார். புரைதாங்க. பயப்பட ஒண்ணுமில்ல.”

“நான் பயப்படுறேன்னு யார் சொன்னது?”

டேலியக்கா பெஞ்சில் உட்கார்ந்தார். நோட்டை மடியில் வைத்து ஒன்றரைப் பக்கத்தையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். பாதியாக்கி எழுத முடியாது. சிலது பாதி, சிலது இரண்டாம் ஆள் பார்க்கவே பார்க்காதது. பென்சிலை எடுத்து மூலைக்கு மூலை பெரிதாக ஒரு கோடு போட்டார். பக்கத்தைத் திருப்பி மறுபடி ஒன்று. கண்ணாடிக்கடைக்காரருக்குத் தன் மகளின் கல்யாணப் பத்திரிகையின் மேல் அந்தக் கோடு விழுந்ததுபோல் இருந்தது.

பிறகு டேலியக்கா அடியில் எழுதினார். வெள்ளைமுகம். பக்கத்தில் ஒற்றைக் கோடு.

“இதையாவது நிஜமாவே பாத்தீங்களா?”

“சத்தியமா.”

“தெரியும். இதுக்கு மட்டும்தான் திக்கினீங்க.”

தலைக்கு மேல் எதுவோ கத்திக்கொண்டு போனது. இரண்டு பேரும் எண்ணவில்லை.

“நாலு மாசமா நான் ஏன் பாக்கலாம்னு சொல்றேன், தெரியுமா?”

“தெரியலீங்க.”

“உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வந்தா. காப்பி குடுத்தேன். சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டேன். வாயில வெச்சதும் முகம் போன போக்கை நான் பாத்தேன். ஆனா என்ன சொன்னா தெரியுமா? அருமையா இருக்கு அத்தைன்னா. மிச்சம் வைக்காம குடிச்சா. இன்னும் கொஞ்சம் தரட்டுமான்னேன். குடுங்கன்னு வாங்கி அதையும் குடிச்சா!”

கண்ணாடிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று சாயங்காலம் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தது நினைவு வந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்திருந்தார்.

“இப்படி எல்லாத்துக்கும் தலையாட்டுற பொண்ணை வீட்டுல வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யுறது? கறி கருகிடுச்சான்னு கேட்டா யார் சொல்லுவா? எங்கேர்ந்து வந்துச்சு இந்தக் குணம்னு யோசிச்சேன். இன்னைக்கு விளங்கிடுச்சு.”

“தப்புதாங்க.” அவர் தொண்டையைக் கனைத்தார். “உப்பு டப்பாவும் சர்க்கரை டப்பாவும் பக்கத்துல பக்கத்துலயா இருக்கு?”

“ஆமா.”

“பேர் ஒட்டியிருக்கா?”

“ஒட்டியிருக்கு.” டேலியக்கா நிறுத்தினார். “உங்களை எதையும் விளக்காதீங்கன்னு யாரும் சொல்லி அனுப்பலையா?”

“சொல்லித்தாங்க அனுப்பினா.”

டேலியக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து அவர் எட்டிப் பார்த்தார். இல்லை. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, துடைத்த விரலை வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றா இரண்டா என்று ஒரு முறை பார்த்தும் கொண்டார்.

“ஆப்பரேஷன் எத்தனை நாள்?”

“ஒரு கண்ணுக்கு அரை மணி நேரம். ரெண்டாவது கண்ணு கொஞ்ச நாள் கழிச்சு. காத்துல நிக்க ஒரு மாசம் ஆகட்டும்.”

“சீசன் இன்னும் மூணு வாரம் இருக்கு.”

“கண்ணு அதுக்கப்புறமும் வேணுமில்லீங்களா?”

டேலியக்கா கடலைப் பார்த்தார். பென்சிலால் பெஞ்சைத் தட்டினார்.

“திங்கட்கிழமை சொல்லிடுங்க டாக்டர்கிட்ட. மத்தியானமா. காலையில காத்து நல்லா இருந்தா மனசு கேக்காது.”

“அப்ப இந்த முனை?”

“நீங்கதான். தொழில் தெரிஞ்ச கண்ணு, பழக வேண்டியதுதானே.”

“சட்டப்படி ரெண்டு பேர் வேணும்னீங்க.”

“உங்க பொண்ணைக் கூட்டிட்டு வாங்க. அஞ்சரைக்கு. முழிப்பு வந்ததும் இல்ல, அஞ்சரைக்கு. இல்லாததை இருக்குன்னு ஒரு கோடு போட்டா, ரெண்டு பேரையும் இந்தச் சுவத்துலேர்ந்து தள்ளி விட்டுடுவேன். அதுக்கு எனக்குக் கண்ணு தெரிய வேண்டாம்.”

கண்ணாடிக்கடைக்காரர் கையைப் பிசைந்தார். இது ‘சரி’யா, இன்னும் ‘பாக்கலாம்’தானா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

“அப்ப… கல்யாணம்?”

“ஆப்பரேஷன் முடிஞ்சு ரெண்டு கண்ணும் ஆறின அப்புறம்தான். அதுல மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.”

“அதுக்கு ஏங்க?”

“ஏனா? மேடையில ரெண்டு மருமக நின்னா, நான் எவளைத் திட்டுறது?”